ஈர ஹீத் நிலத்தில் காளான் பதிவு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் சர்ரியிலுள்ள தர்ஸ்லி இயற்கைக் காப்பகம் போன்ற, குறும்புதர்கள் மண்டிய சதுப்பான ஈர ஹீத் நிலங்களுக்குக் காளான் பதிவு செய்ய வரும் புதியவர்களைப் பார்க்கும்போது, என் பழைய குறிப்பேட்டை அவர்கள் பிரதி எடுப்பதாகவே தோன்றுகிறது. எவருக்கும் தெரிந்த எச்சரிக்கைகளை இங்கே சொல்லாமல் விடுகிறேன்.

வாழிடம்: ‘ஹீத்’ என்று மட்டும் எழுதுவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். முதல் ஆண்டில், ஸ்பாக்னம் பாசிக்கும் ஹெதர் குறும்புதர்களுக்கும் இடையே கண்ட சிவப்பு ருசுலாக் காளான்கள் அனைத்துக்கும் ‘ஹீத்’ என்றே எழுதிவைத்தேன். வீட்டில் நூலைப் புரட்டியபோதுதான், மர வேர்களோடு கூடி வாழும் இந்தக் காளான்களில் பைனுக்கு உரியது ருசுலா எமெடிகா என்றும், பிர்ச்சுக்கு உரியது வெளிறிய ருசுலா பெடுலாரம் என்றும் தெரிந்தது. மழையில் சிவப்பு கரைந்து எமெடிகாவும் வெளிறிவிடும். வித்துத்தூளோ இரண்டிலும் வெள்ளை. பக்கத்தில் நின்ற மரம் எது என்று நான் குறிக்காததால், அந்தப் பருவத்தின் ருசுலாப் பதிவுகள் முழுவதையும் அடித்துவிட்டேன்.

ஹெதரின் வேர்களிலும் பூஞ்சைகள் உண்டு. சத்தில்லாத அமிலக் கரிமண்ணிலிருந்து அவையே அதற்கு நைட்ரஜனைப் பெற்றுத் தருகின்றன. ஆனால் அவை குடை விரிப்பவை அல்ல. ஆகவே ஹெதர் நடுவே ருசுலாவைக் கண்டால், அதன் துணை வேறொரு மரம் என்றே கொள்ள வேண்டும். மர வேர்கள் பல மீட்டர் பரவுவதால் சுற்றிலும் பார்க்க வேண்டும்; தாழ்வாகப் படரும் படர்வில்லோச் செடியும் புதருக்குள் ஒளிந்திருக்கலாம் என்பதால், குனிந்தும் பார்க்க வேண்டும். ஹீத் காடாகிவிடாதிருக்கப் பிர்ச் கன்றுகளை வெட்டுபவர்கள், எந்த முதிய மரங்களை விட்டுவைப்பது என்று முடிவுசெய்ய இத்தகைய பதிவுகளையும் பார்க்கிறார்கள். பிர்ச்சை நம்பி வாழும் காளானை ‘ஹீத்’ என்று எழுதினால், அதன் மரத்தை வெட்டுவதற்கு நாமே ஒப்புதல் அளித்தவர்களாகிறோம்.

பலகைப் பாதையை விட்டு இறங்குவது

வேண்டாம்.

தண்டை நடுவில் அறுப்பது

அமனிடா ஃபுல்வா என்ற காளானை அடையாளம் காட்டும், தண்டின் அடியைச் சூழ்ந்த பை போன்ற உறை மண்ணுக்குள் இருக்கிறது. பாசியை விலக்கி அடியோடு பாருங்கள்.

அக்டோபரில் மட்டும் வருவது

தேங்கிய நீரில் அழுகும் இலைகள்மீது தீக்குச்சி போல மஞ்சள் தலை நீட்டும் மிட்ருலா பலுடோசா என்ற சிறு பூஞ்சை, வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலுமே நன்றாகத் தென்படும். நான் மூன்று அக்டோபர்கள் அதைத் தேடி அலைந்திருக்கிறேன்.