தாத்தா பக்கத்தில் நிற்கிற அந்தச் சின்ன இன்ஜின் எது?

புதுச்சேரி நெல்லித்தோப்பில் நான் வைத்திருப்பது போட்டோ ஸ்கேன், பிரேம் கடை. பழைய ஆல்பம் கொண்டுவருகிறவர்களிடம் அவ்வப்போது ஒரு படம் இருக்கும்: ஒரு பெரியவர், பக்கத்தில் அவரைவிடக் கொஞ்சம்தான் உயரமான நீராவி இன்ஜின், பின்னால் கரும்பு. "தம்பி, எங்க தாத்தா ரயில்வேயில டிரைவர்" என்பார்கள். பெரும்பாலும் அது ரயில்வே இன்ஜின் இல்லை, நம்ம பக்கத்திலிருந்து கப்பலேறிப் போனவர்கள் வேலை பார்த்த வெளிநாட்டுக் கரும்புத் தோட்ட இன்ஜின். எந்த ஊர்த் தோட்டம் என்று கண்டுபிடிக்க நான் செய்வதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் படத்தின் இரண்டு பக்கத்தையும் 1200 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யுங்கள். கறுப்பு வெள்ளைப் படம்தானே என்று கிரேஸ்கேலில் எடுக்க வேண்டாம், கலரிலேயே எடுங்கள். மங்கிய மை எழுத்து அதில்தான் பிரிந்து தெரியும். எழுத்துகள் இடவலம் மாறி இருந்தால், நெகட்டிவைத் திருப்பிப் போட்டுப் பிரிண்ட் எடுத்திருக்கிறார்கள். திருப்பிக்கொண்டு மேலே போகலாம்.

இன்ஜினை விட்டுவிட்டு தண்டவாளத்தைப் பாருங்கள். பாதி விடை அங்கேதான். இன்ஜின் முகம் கேமராவை நோக்கி இருந்து, ஆள் அதன் முன்பக்கத்தை ஒட்டியே நின்றால் அளப்பது சுலபம். ஆள் உயரம் ஐந்தரை அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே உள்ள தூரம் அந்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் வந்தால், அது 600 அல்லது 610 மில்லிமீட்டர் பாதை. பசிபிக்கில் இருக்கிற ஃபிஜி, தென்னாப்பிரிக்காவின் நாட்டால் கரும்புத் தோட்டங்களில் ஓடியது இந்த அளவுதான். பாதிக்கு மேல் வந்தால் மீட்டர்கேஜ், அதாவது ஒரு மீட்டர் அகலப் பாதை. அப்போது கொஞ்சம் நிதானியுங்கள், 1879-ல் வந்த நம்ம புதுச்சேரி–விழுப்புரம் பாதையும் மீட்டர்கேஜ்தான். இந்தியப் பெருங்கடலின் பிரெஞ்சுத் தீவான ரெயூனியோனில் 1882-ல் திறந்த பொது ரயிலும் அதே அகலம். ஆக, தாத்தா நிஜமாகவே ரயில்வேக்காரராக இருக்கலாம்.

படம் பக்கவாட்டில் எடுத்ததா? சக்கரத்தைப் பாருங்கள். தோட்ட இன்ஜின் சக்கரம் முழங்காலுக்குச் சற்று மேல் வரை வரும், அவ்வளவுதான். நம்ம மீட்டர்கேஜில் ஓடிய ஒய்பி போன்ற பாசஞ்சர் இன்ஜினின் பெரிய சக்கரம் நாலரை அடி, நெஞ்சு வரை நிற்கும்.

ஸ்லீப்பர் கட்டைகளையும் விடாதீர்கள். தண்டவாளத்தோடு சேர்த்தே இரும்பு ஸ்லீப்பர் பிணைத்து, கயிற்றுக் கட்டில் மாதிரி தூக்கிப்போடுகிற துண்டுகளாக இருந்தால், அது வயலுக்குள் போட்டு, வெட்டு முடிந்ததும் பிடுங்கி நகர்த்துகிற பாதை. 1870-களில் பிரான்சில் டெக்கோவில் என்பவர் தன் பீட்ரூட் பண்ணைக்காகச் செய்த ஏற்பாடு, சர்க்கரை விளைகிற நாடெல்லாம் பரவியது.

அடுத்து தண்ணீர்த் தொட்டி. பாய்லர் முதுகின் மேல் சேணம் மாதிரி கவிழ்ந்திருந்தால் பெரும்பாலும் பிரிட்டிஷ் இன்ஜின்: பேக்னால், ஹன்ஸ்லெட் போன்றவை. தொட்டியே கண்ணில் படாமல், அடிச்சட்டத்துக்குள் தண்ணீர் ஒளிந்திருந்தால் ஜெர்மனியின் ஓரென்ஸ்டைன் கொப்பெலாக இருக்க வாய்ப்பு அதிகம். பக்கத்துக்கு ஒன்றாகப் பெட்டித் தொட்டி என்றால் எல்லா நாட்டுக்காரரும் செய்திருக்கிறார்கள், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பின்னால் நிலக்கரி, தண்ணீர் வைக்கிற தனி வண்டியை (டெண்டர்) இழுத்துக்கொண்டு போகிற ஆறு சக்கரக் குட்டி இன்ஜின் என்றால் ஃபிஜியை நினையுங்கள். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து ஹட்ஸ்வெல் கிளார்க் கம்பெனி அங்கே அப்படி அனுப்பியிருக்கிறது. கரீபியனின் பிரெஞ்சுத் தீவுகளான மார்ட்டினிக், குவாதலூப் என்றால் பாரிஸ் கம்பெனியான கோர்ப்பே-லூவேயை நினையுங்கள்.

புகைபோக்கி ஊரைச் சொல்லாது, எரிபொருளைச் சொல்லும். நேர்க் குழாய் என்றால் பெரும்பாலும் நிலக்கரி. மேலே பானைபோல் உப்பியிருந்தால் விறகு அல்லது கரும்புச் சக்கை. பொறி பறந்து காய்ந்த கரும்புத் தோகையில் பற்றக்கூடாதே, அதற்கான தடுப்பு. பின்னால் ஒரு வண்டி நிறையச் சக்கைக் கட்டுகள் இருந்தால் ஜாவாவையும் யோசியுங்கள். அங்கே 700 மில்லிமீட்டர் பாதை நிறைய உண்டு.

பக்கத்தில் பித்தளைப் பட்டை தெரிகிறதா? அதில் ஊர், வருடம், தயாரிப்பு எண் இருக்கும். கேபினில் பெயின்ட்டில் எழுதிய பெரிய எண் தோட்டக்காரர் வைத்தது, அதை வைத்துத் தேடினால் கிடைக்காது.

இனி ஆள் கப்பலேறிய வருடத்தை இன்ஜினோடு பொருத்திப் பாருங்கள். பலரும் தடுமாறுவது இங்கேதான். புதுச்சேரி, காரைக்காலிலிருந்து மார்ட்டினிக்குக்கு 1853-லும், குவாதலூப்புக்கு 1854-லும் 'ஒரேலி' கப்பல் ஆட்களைக் கொண்டுபோனது. ரெயூனியோனுக்கு ஆள் அனுப்புவது 1882-ல் நின்றது. இந்தக் குட்டி இன்ஜின்களோ அந்தக் காலத்தின் கடைசியில்தான் தோட்டங்களுக்குள் பரவின. ஆகவே 1850-களில் கப்பலேறியவர் இன்ஜின் பக்கத்தில் இளைஞராக நிற்க முடியாது; அவர் மகனோ பேரனோதான். நாட்டாலுக்கு மெட்ராசிலிருந்து முதல் கப்பல் 1860-ல் போனது, ஃபிஜிக்கு 1903-ல். ஃபிஜி என்றால் முதல் தலைமுறையே நிற்கலாம். படத்தின் பின்னால் 'புர்போன்' என்று எழுதியிருந்தால் அது ரெயூனியோனின் பழைய பெயர்.

ஒப்பிட்டுப் பார்க்க இங்கிலாந்தின் ஸ்டாட்ஃபோல்ட் பண்ணை ரயிலின் படங்களைத் தேடுங்கள். ஃபிஜியிலிருந்தும் நாட்டாலின் செசெலா ஆலையிலிருந்தும் வந்த இன்ஜின்கள் அங்கே உண்டு. பிரெஞ்சுத் தீவுகளின் பழைய போஸ்ட்கார்டுகளுக்கு பிரான்ஸ் தேசிய நூலகத்தின் காலிக்கா (Gallica) இணையதளம். ஆளின் பெயர் தெரிந்தால், பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நகரத்து ஆவணக்காப்பகம் புதுச்சேரியின் பிறப்பு, திருமணப் பதிவேடுகளை இணையத்தில் வைத்திருக்கிறது. பிரெஞ்சு கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள், நம்ம ஊரில் அதற்குப் பஞ்சமில்லை.

விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்கும்போது இன்ஜினை மட்டும் வெட்டி அனுப்பாமல், முழுப் படத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்தே அனுப்புங்கள். மூலப் படத்தை லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள். அப்புறம் அதைப் பிரித்துத் தரச்சொல்லி எந்தக் கடைக்குப் போனாலும் நடக்காது.