சதுப்புக்கு நடுவே ஒரு குன்று: பென் கிரியம் பெக் ஏறும் முறை

ஸ்காட்லாந்தின் வடகோடியில் பரந்து கிடக்கும் ஃப்ளோ கன்ட்ரி சதுப்பு நிலத்தை 2024-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அந்தச் சதுப்பினூடே 580 மீட்டர் உயரத்தில் எழுந்து நிற்பது பென் கிரியம் பெக். குன்றில் ஏறுவது எளிது. அதன் அடிவாரம் போய்ச் சேர்வதுதான் பெரும்பாடு.

முதலில் நேரத்தைக் கணக்கிடுங்கள். மணிக்கு 5 கிலோமீட்டர், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம் என்பது மலையேறுவோர் பின்பற்றும் பழைய கணக்கு. சதுப்பில் அந்த வேகத்தில் பாதி கிடைத்தாலே அதிகம். சதுப்புக்கு நடுவிலுள்ள சிற்றூரான ஃபார்சினார்டுக்கு ரயிலில் வருபவர்கள், நாளுக்குச் சில வண்டிகளே ஓடுவதால், திரும்பும் வண்டியை முதலில் உறுதிசெய்துகொண்டு அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். கைபேசியை நம்பாமல் காகித வரைபடமும் திசைகாட்டியும் எடுத்துச் செல்லுங்கள்.

அடுத்தது, கால் வைக்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பது. இதைப் பொறுமையாகப் பழக வேண்டும். ஹெதர் புதர் அடர்ந்த மேடு பெரும்பாலும் தாங்கும். வெண்பஞ்சு போலப் பூத்து ஆடும் புல் இருந்தால் அடியில் ஈரம் உண்டு. பளிச்சென்ற பச்சை நிறத்தில் மெத்தைபோல் விரிந்திருக்கும் ஸ்பாக்னம் பாசி கண்ணுக்கு அழகாக இருக்கும், ஆனால் அதன்மேல் கால் வைக்காதீர்கள். ஒரு பிடி கிள்ளிப் பிழிந்து பாருங்கள்; நனைத்த துணியைப் பிழிந்ததுபோல் விரலிடுக்கில் நீர் ஒழுகும். அந்தப் பாசி முழுமையாக மட்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்துதான் இந்தப் பீட் நிலமே உருவானது. பீட் படிவு ஆண்டுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் வளர்கிறது என்பதை அறிந்தபின், கண்ட இடத்தில் மிதிக்க மனம் வராது. ஊன்றுகோலை முன்னால் குத்தி ஆழம் பார்த்த பிறகே அடி எடுத்து வையுங்கள். குழுவாகச் சென்றால் ஒரே தடத்தில் வரிசையாக நடக்காதீர்கள். மென்மையான பரப்பு சில அடிகளிலேயே குழைந்துவிடும்.

கால் புதைந்துவிட்டால் உதறி இழுக்க வேண்டாம். உடலைப் பின்னால் சாய்த்து, எடையைப் பரப்பி, காலை மெல்ல அசைத்து நீர் உள்ளே புக விட்டால் பிடி தளரும்.

ஏப்ரல் முதல் ஜூலை வரை தரையில் கூடு கட்டும் பறவைகள் இங்கு ஏராளம் என்பதால், அந்த மாதங்களில் நாயை அழைத்துச் செல்லாமலிருப்பதே நல்லது.

சரிவு தொடங்கியதும் தரை இறுகும். உச்சியில் பழங்காலக் கோட்டையின் கற்சுவர்கள் சிதைந்து கிடக்கின்றன. அவற்றிலிருந்து ஒரு கல்லையும் நகர்த்தாதீர்கள். மேகம் இறங்குவதற்கு முன்பே, உச்சியில் நின்றபடி, திரும்பும் திசையைத் திசைகாட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். கீழே சமவெளியில் எல்லாக் குட்டைகளும் ஒன்றுபோலவே தெரியும்.