பெல்ட் வெட்டும் இயந்திரம்: கத்தியின் ஆழத்தில் நடக்கும் தவறுகள்

சீமெந்து, கோதுமை மா, கனிய மணல் என்று திருகோணமலையின் பெரிய தொழில்கள் பலவும் சரக்கைச் சுமந்து ஓடுகின்ற பெல்ட்டை (கன்வேயர் பெல்ட்) நம்பியவை. கழித்த பெல்ட்டும் வீணாவதில்லை. நீளவாட்டில் கீறினால் லொறிக்கு மட்கார்ட், மாட்டுக் கொட்டிலுக்கு விரிப்பு. கீறும் இயந்திரமோ, மூட்டுப் போடுவதற்காக அடுக்குப் பிரிக்கும் இயந்திரமோ வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது மோட்டரின் குதிரைவலுவை. கேட்க வேண்டியது, கத்தியின் ஆழத்தை எவ்வளவு நுட்பமாகத் திருத்தலாம் என்பதை.

இ.பி. (பொலியெஸ்டர்-நைலோன் துணி) 400/3 என்று அச்சிட்ட பெல்ட்டை எடுத்துக்கொள்வோம். மூன்று துணி அடுக்குகள். மூன்றும் சேர்ந்து, அகலத்தில் ஒவ்வொரு மில்லிமீற்றருக்கும் 400 நியூட்டன் இழுவையில்தான் அறும். இரு முனைகளையும் படிக்கட்டுப்போல் வெட்டி மூட்டும்போது ஒவ்வொரு படியிலும் ஓர் அடுக்கு தொடர்பறுகிறது. ஆகவே ஒழுங்காகப் போட்ட மூட்டிலும் மிஞ்சுவது மூன்றில் இரண்டு பங்கு வலுதான். மேலடுக்கை வெட்டும் கத்தி அடுத்த அடுக்கின் நூலையும் அறுத்துவிட்டால், அந்தக் கோட்டில் தாங்குவதற்கு இருப்பது ஒரே அடுக்கு. அந்தக் கீறல் கண்ணுக்குத் தெரியாது. பசை பூசி மூடியபின் யாராலும் கண்டுபிடிக்கவும் முடியாது. சுமை ஏறும் நாளில் பெல்ட் அங்கேதான் பிரியும்.

இது பெரும்பாலும் கவனக்குறைவால் நடப்பதில்லை. புதிய பெல்ட்டின் மேலுறை, அதாவது துணிக்கு மேலுள்ள றப்பர், 4 மில்லிமீற்றர் என்று விவரத்தாளில் இருக்கும். சுமை விழுவது நடுவில் என்பதால் தேய்வதும் நடுவில்தான். விளிம்பில் அளந்து ஆழம் வைத்தால், நடுப்பகுதிக்கு வரும்போது கத்தி துணிக்குள் இறங்கிவிடுகிறது. நடுவிலும் இரு ஓரங்களிலும் தடிப்பை அளந்து, அதே பெல்ட்டின் வெட்டுத்துண்டில் ஒருமுறை சோதித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். பிரித்த அடுக்கை வின்ச்சில் இழுப்பதும் நிதானமாக நடக்க வேண்டும். அவசரப்பட்டால் கீழ்த்துணியின் நூல்கள் கிளம்பிவிடும்.

நீளவாட்டில் கீறும்போது தேய்ந்த விளிம்பை வழிகாட்டியாக வைப்பது இன்னொரு வழக்கமான பிழை. பல இடங்களில் அகலத்தை அளந்து, நடுப்புள்ளிகளை இணைத்து, அந்தக் கோட்டிலிருந்து அளக்க வேண்டும். இல்லாவிட்டால் துண்டு வில்லாக வளையும்; வாளி எலிவேற்றரில் (பெல்ட்டில் பூட்டிய வாளிகளால் சரக்கை மேலே ஏற்றும் இயந்திரம்) போட்டால் ஒரு பக்கமாக ஓடி வாளிகள் கூட்டில் மோதும். சீமெந்தோ கனிய மணலோ சுமந்த பெல்ட்டை அரிசி ஆலை எலிவேற்றருக்கு வெட்டிக் கொடுப்பதோ அளவுப் பிழையோடு நிற்காது. எவ்வளவு கழுவினாலும் அது உணவு தொடும் பெல்ட் ஆகாது.

புல்மோட்டைக் கனிய மணலில் உள்ள சிர்க்கோன் என்ற கனிமத்தின் கடினம் மோஸ் அளவில் 7.5, சாதாரண மணலான குவார்ட்ஸைவிடக் கூடியது. மேலுறையில் புதைந்த ஒரு பொடி மணல் போதும், கத்தியின் கூர் போய்விடும். கழுவிவிட்டே கீற வேண்டும். கத்தி வழுக்கிச் செல்லச் சவர்க்காரத் தண்ணீர் நல்லது. எண்ணெய் வேண்டாம், சாதாரண றப்பர் ஊதிவிடும். மூட்டுக்காகப் பிரித்த துணிக்கோ அந்தத் தண்ணீரே பகை. சுமார் 145 பாகை சூட்டில் வல்கனைஸ் செய்யும்போது (றப்பரைச் சூடாக்கி அழுத்தி ஒட்டவைக்கும்போது) துணியில் தங்கிய ஈரம் நீராவியாகிக் கொப்புளம் கட்டும். மார்கழி மழையில் திறந்த கொட்டகைக்குள் இந்த வேலையைச் செய்கிறவர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

அச்சு அழிந்த பெல்ட் வந்தால் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் உள்ளே உருக்குக் கம்பிகள். துணிப் பெல்ட்டுக்கான கத்தி அதில் உடையும். பொருத்தமான வெட்டியால் வெட்டியபின் கம்பி முனைகளை உடனே மூட வேண்டும், உப்புக் காற்றில் துரு கம்பி வழியே உள்ளே ஏறும்.

ஓடும் லைனில் பெல்ட்டை அறுக்குமுன் மின்சாரத்தை நிறுத்திப் பூட்டுவதோடு, பெல்ட்டை இறுக்கி வைக்கும் எதிர்ப்பாரத்தைத் தூக்கி, வெட்டும் இடத்தின் இரு பக்கமும் கிளாம்ப் போட வேண்டும். இழுவையில் இருக்கும் பெல்ட் அறுந்த கணமே சவுக்காக வீசும். கைக்கத்திக்குக் கையுறை அவசியம். சுழலும் உருளைகளுக்குப் பக்கத்தில் அதே கையுறைதான் கையை உள்ளே இழுத்துவிடும்.