கிணறு இறங்கினால் மோட்டாரைத் திட்டாதீர்கள்

பங்குனி பிறந்தால் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் ஒரே பேச்சுதான்: "மோட்டார் தண்ணி எடுக்க மாட்டேங்குதுங்க." உடனே 3 எச்.பி.யைக் கழற்றிவிட்டு 5 எச்.பி. மாட்டுவார்கள். ஒரு கோடையில் நானும் மாட்டினேன். சத்தம் கூடியது, தண்ணீர் கூடவில்லை.

மேட்டில் வைத்த சென்ட்ரிஃபியூகல் பம்பு (சக்கரம் சுழன்று தண்ணீரை வீசும் வகை) தண்ணீரை இழுப்பதில்லை. இம்பெல்லரின், அதாவது அந்தச் சுழலும் சக்கரத்தின், நடுவில் அழுத்தம் குறைகிறது, கிணற்று நீரின்மேல் அழுத்தும் காற்றுதான் தண்ணீரைக் குழாயில் ஏற்றுகிறது. கடல்மட்டத்திலேயே அதன் பலம் சுமார் 10.3 மீட்டர் உயரத்துக்குத்தான். குழாய் உராய்வையும் ஃபுட் வால்வையும் (குழாயின் அடியில் இருக்கும் ஒருவழி வால்வு) கழித்தால் 6, 7 மீட்டரைத்தான் நம்பலாம். எச்.பி. கூடினால் காற்றின் பலம் கூடுமா? பெரிய பம்பு கூடுதல் தண்ணீர் கேட்கும், அதே குழாயில் உராய்வு ஏறும், இருந்ததும் கெடும். பம்பைக் கிணற்றுக்குள் கீழே இறக்கி வையுங்கள், இல்லையென்றால் நீர்மூழ்கி மோட்டாருக்கு மாறுங்கள்.

அடுத்தது, கேஸிங்குக்குள் (இம்பெல்லரை மூடிய கூடு) சரளைக்கல் உருள்வது போன்ற சத்தம். கேட்டதும் பேரிங் மாற்றுவார்கள், பாவம் பேரிங். அழுத்தம் காற்றழுத்தத்தில் ஏறக்குறைய 24-ல் ஒரு பங்குக்கு இறங்கினால் 30 டிகிரித் தண்ணீரே கொதித்துவிடும். அந்த ஆவிக் குமிழிகள் இம்பெல்லருக்குள் அழுத்தம் ஏறும் இடத்தில் நொறுங்கி, இரும்பைக் கொத்தி எடுக்கும். கழற்றிப் பார்த்தால் கறையான் அரித்த கட்டை மாதிரி இருக்கும். தண்ணீர் வெளியேறும் டெலிவரி வால்வைக் கொஞ்சம் மூடிப் பாருங்கள். சத்தம் அடங்கினால் பேரிங் மேல் பழியில்லை. சக்‌ஷன் பக்கம், அதாவது தண்ணீர் உள்ளே வரும் பக்கம், வால்வு இருந்தால் அதை மட்டும் குறைக்கவே கூடாது.

தண்ணீர் விட்டுவிட்டுத் துப்பினால் காற்று நுழைகிறது என்று அர்த்தம். சக்‌ஷன் ஓட்டையில் தண்ணீர் சொட்டாது, ஓடும்போது காற்றுதான் உள்ளே போகும். ஜாயின்ட்டில் சோப்பு நுரை தடவுங்கள், உள்ளே போகும் இடம் தெரியும். கிளாண்டையும் (பம்புத் தண்டைச் சுற்றியுள்ள அடைப்பு) பாருங்கள். ஃபுட் வால்வுக்கு மேல் தண்ணீர் சுழித்தாலும் இதே கதைதான். ஓட்டையில் சாணி அப்புவது ஒரு நாள் வைத்தியம்.

'ஓவர்லோடு ரிலே இருக்கே, அதுவே ஆஃப் ஆகிடும்' என்று சாப்பிடப் போய்விடுவது எல்லாவற்றிலும் பெரிய தவறு. அந்த ரிலே கரன்ட் கூடினால்தான் மோட்டாரை அணைக்கும். தண்ணீர் குறைந்தால் இந்த வகைப் பம்புக்குச் சுமையும் குறையும், கரன்ட்டும் இறங்கும். ரிலே பேசாமல் இருக்கும். உள்ளே மிஞ்சிய தண்ணீர் சுழன்று சுழன்று சூடேறி சீல் கருகும். கரன்ட் குறைந்தால் அணைக்கும் டிரை ரன் கருவி வேறு, தனியாக வாங்க வேண்டும். அதுவரை, ஆம்ப் மீட்டர் முள் வழக்கத்தைவிடக் கீழே ஆடினால் சுவிட்சை அணைத்துவிட்டுக் கிணற்றை எட்டிப் பாருங்கள்.