பிள்ளை சர்ச்சுக்குப் போக ஆசைப்பட்டால்: சாமி கும்பிடாத வீடுகளில் நடக்கும் தவறுகள்

கடவுள் நம்பிக்கை இல்லாமல் பிள்ளை வளர்க்கும் நண்பர்கள் திடீரென்று ஒருநாள் போன் செய்வார்கள். "ஃப்ரெண்டோட சர்ச்சுக்குப் போகணும்னு சொல்றான், என்ன பண்றது?" நானும் அந்தக் கட்டத்தைத் தாண்டி வந்தவள்தான். கத்துவது, தடை போடுவது எல்லாம் தப்பு என்று உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன். நல்ல எண்ணத்தோடு செய்கிற தவறுகளைத்தான் இங்கே சொல்கிறேன்.

காரணம் கேட்காமல் பதில் சொல்வது

பிள்ளை வாயைத் திறந்ததுமே "கடவுள் இருக்கிறாரா" என்ற விவாதத்துக்குத் தாவிவிடுகிறார்கள். பல நேரம் ஆசை அங்கே பாடும் பாட்டின் மேல்தான், அல்லது தோழியோடு இருப்பதில். சில நேரம், செத்துப்போன தாத்தா எங்கே இருக்கிறார் என்ற கேள்வி உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். அப்படியானால் முதலில் பேச வேண்டியது மரணத்தைப் பற்றி. "அங்க என்ன பிடிச்சிருக்கு?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள்.

எல்லா சர்ச்சும் ஒன்றுதான் என்று நினைப்பது

பெந்தெகொஸ்தே ஆராதனையில் பாட்டும் கைத்தட்டலும், கேட்பவர்களுக்குப் புரியாத மொழியில் ஜெபிக்கும் அந்நியபாஷையும் இருக்கும். குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் மரபான கூட்டத்தில் பெரும்பகுதி மௌனம்தான். எனவே முதல் தடவை கூடவே போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். கத்தோலிக்கத் திருப்பலி என்றால், நற்கருணை (அங்கே கொடுக்கும் புனித அப்பம்) வாங்க எல்லோரும் எழுந்து வரிசையில் போவார்கள். திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம், பெறாதவர்கள் அதை வாங்குவதில்லை. பிள்ளையிடம் இதை முன்பே சொல்லி வையுங்கள்.

போகவிட்டுக் கேலி செய்வது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. செய்கிறவர்களுக்கு இது தவறாகவே படுவதில்லை. "நாங்க தடுக்கவே இல்லையே" என்பார்கள்.

எனக்குத் தெரிந்த வீட்டில் ஒன்பது வயதுப் பெண் தோழியோடு சண்டே ஸ்கூல் போக ஆரம்பித்தாள். அப்பா மறுக்கவில்லை. ஆனால் அவள் திரும்பி வந்ததும் சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்துவிடுவார்: "இன்னிக்கு என்ன, கடல் பிளந்துச்சா? மீன் வயித்துக்குள்ள ஆள் இருந்தாரா?" அண்ணனும் சேர்ந்து சிரிப்பான். முதலில் அவளும் சிரித்தாள். அப்புறம் "ஒண்ணும் இல்லப்பா, கலர் அடிச்சோம்" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். ஆர்வம் குறைந்துவிட்டது என்று அப்பா நினைத்தார்.

குறையவில்லை. இயேசுவை நம்பாதவர்கள் நரகத்துக்குப் போவார்கள் என்று அங்கே யாரோ சொல்லியிருக்கிறார்கள். அப்பாவும் அம்மாவும் எரியப்போகிறார்கள் என்று நம்பி, பல மாதம் ராத்திரி தூங்காமல் கிடந்திருக்கிறாள். அவர்களுக்காகப் போர்வைக்குள் ஜெபம் பண்ணியிருக்கிறாள். வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள். விஷயம் வெளியே வந்தது வகுப்பு ஆசிரியை மூலமாக.

நரகத்தைப் பற்றிக் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது. முடிவில்லாத வேதனை என்பவர்கள் உண்டு, அழிந்துபோவார்கள் என்பவர்கள் உண்டு, கடைசியில் எல்லோரும் மீட்கப்படுவார்கள் என்பவர்களும் உண்டு. இதை ஐந்து நிமிடத்தில் அவளுக்குச் சொல்லியிருக்கலாம். "சிலர் அப்படி நம்புறாங்க, நாங்க நம்பல, எங்களுக்கு அந்த பயம் இல்லை" என்றாலே அந்தக் குழந்தை தூங்கியிருக்கும். கேட்க வேண்டிய வாயை வீடே அடைத்துவிட்டது.

பகுத்தறிவோடு வளர்க்கிறோம் என்கிற வீடுகளில்தான் இதை அதிகம் பார்க்கிறேன். கேட்டுவிட்டு வந்த கதையைப் பிள்ளை முழுசாகச் சொல்லட்டும். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று நிஜமாகவே கேளுங்கள். உங்கள் கருத்தைக் கேட்டால் ஒளிக்க வேண்டாம்: "அப்படி நடந்ததா நான் நினைக்கல. உனக்கு என்ன தோணுது?" மாற்றுக் கருத்தைப் பிள்ளைகள் தாங்கிக்கொள்வார்கள்.

ஆசை காட்டித் திசைதிருப்புவது

ஞாயிறு காலைக்கு சினிமா டிக்கெட் எடுக்காதீர்கள். பிள்ளைக்குப் புரிந்துவிடும்.

ஞானஸ்நானப் பேச்சு வந்தபின் விழிப்பது

கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டப்படி, கைக்குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுக்கப் பெற்றோரில் ஒருவரோ பாதுகாவலரோ சம்மதிக்க வேண்டும். பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே சபைகள் விசுவாசத்தைத் தானே அறிக்கை செய்கிறவர்களுக்குத்தான் ஞானஸ்நானம் கொடுக்கின்றன. அதனால் அங்கே கேள்வி நேராகப் பிள்ளையிடமே வரலாம், அதுவும் சுற்றியிருக்கும் நண்பர்கள் எல்லோரும் கை தூக்கும்போது. "பெரிய முடிவு எதையும் எங்களிடம் பேசாமல் எடுக்க வேண்டாம்" என்று வகுப்பு எடுப்பவரிடம் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். இதில் தயங்க ஒன்றுமில்லை. 1989-இல் ஏற்கப்பட்ட ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 14-வது பிரிவு, குழந்தையின் மத சுதந்திரத்தையும், வளரும் அதன் பக்குவத்துக்கு ஏற்ப வழிகாட்டும் பெற்றோரின் உரிமையையும் சேர்த்தே சொல்கிறது.

பாதுகாப்பைப் பற்றிக் கேட்கக் கூச்சப்படுவது

"நம்பிக்கை இல்லாதவங்க, அதான் சந்தேகப்படுறாங்க" என்று நினைத்துவிடுவார்களோ என்று பலர் வாயே திறப்பதில்லை. நீச்சல் வகுப்பில் கேட்பதையே இங்கேயும் கேளுங்கள். வகுப்பு எடுப்பது யார், அறையில் எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருப்பார்களா, முகாம் என்றால் இரவு தங்கல் உண்டா? ஒழுங்காக நடக்கும் பல சர்ச்சுகளில் இதற்கு எழுதிவைத்த விதிகளே இருக்கின்றன. பதில் சொல்லத் தயங்கும் இடத்துக்குப் பிள்ளையைத் தனியே அனுப்பாதீர்கள்.