லினக்ஸ்ல வெப் வீடியோ ஓடலையா? கோடெக், வைட்வைன் ரெண்டையும் செட் பண்ற முறை

லினக்ஸ் புதுசா போட்டவங்க நிறைய பேர் மாட்டிக்கிற இடம் இது. யூடியூப் சூப்பரா ஓடும், ஆனா நெட்ஃபிளிக்ஸ் மாதிரி காசு கட்டிப் பாக்குற சைட்டுக்குப் போனா பிளேயர் கறுப்பா அப்படியே நிக்கும், இல்லன்னா ஏதாவது நியூஸ் சைட்ல இருக்குற ஒரு நிமிஷ வீடியோ கூட ஓட மாட்டேன்னு அடம் பிடிக்கும். உடனே நெட்ல தேடி கண்ணுல பட்ட கமாண்டை எல்லாம் டெர்மினல்ல பேஸ்ட் பண்ணிடாதீங்க, ஏன்னா இது ரெண்டும் வேற வேற பிரச்சனை. எது இல்லாம நிக்குதுன்னு முதல்ல கண்டுபிடிச்சுட்டா மீதி வேலை பத்து நிமிஷம்தான்.

தேடும்போது ஃபிளாஷ், சில்வர்லைட், பைப்லைட்னு ப்ரவுசர்ல சேர்க்குற வீடியோ பிளகின் பத்தின பழைய டுடோரியல் நிறைய வரும், அதையெல்லாம் அப்படியே தாண்டிப் போயிடுங்க. ஃபிளாஷ் 2020 டிசம்பர் 31-ஓட முடிஞ்சது, சில்வர்லைட்டுக்கு 2021 அக்டோபர்ல சப்போர்ட்டை நிறுத்திட்டாங்க, ஃபயர்பாக்ஸும் 85-வது வெர்ஷன்ல இருந்து அந்தக் காலத்து பிளகின் எதையும் ஏத்துறதே இல்ல. இன்னைக்கு உங்களுக்கு வேண்டியது ரெண்டே ரெண்டு: கோடெக், அப்புறம் வைட்வைன்.

படி 1: எது மிஸ்ஸிங்னு பாருங்க

கோடெக்னா சுருக்கி வச்ச வீடியோவைப் பிரிச்சுக் காட்டுற புரோகிராம். யூடியூப் விபி9, ஏவி1 மாதிரி ஓப்பன் ஃபார்மேட்ல வீடியோ குடுக்கும், அது எல்லா லினக்ஸ்லயும் இருக்கு. மத்த சைட் நிறைய ஹெச்.264 வீடியோ, ஏஏசி ஆடியோ உள்ள எம்பி4 தான் குடுக்குது, அதுல பேட்டன்ட் விவகாரம் இருக்கறதால சில டிஸ்ட்ரோ (லினக்ஸ்ல ஒவ்வொரு வகையும் ஒரு டிஸ்ட்ரோ) அதைக் கூட சேர்த்துத் தர்றதில்ல. அதனால யூடியூப் ஓடி சாதாரண எம்பி4 ஓடலன்னா கோடெக் பிரச்சனை, நேரா படி 2.

எம்பி4 எல்லாம் ஓடுது, லாகின் பண்ணிப் பாக்குற சைட் மட்டும் நிக்குதுன்னா அது டிஆர்எம், அதாவது வீடியோவுக்குப் போட்டிருக்குற பூட்டு. அதைத் திறக்குற கூகுளோட மூடின சோர்ஸ் (கோடை வெளிய காட்டாத) புரோகிராம்தான் வைட்வைன். உங்களுக்கு படி 3.

படி 2: கோடெக்

உபுண்டுவா இருந்தா இன்ஸ்டால் பண்ணும்போதே தேர்ட் பார்ட்டி மீடியா ஃபார்மேட்டுக்கு ஒரு டிக் பாக்ஸ் வரும், அதை டிக் பண்ணியிருந்தா இந்தப் படியே வேண்டாம். விட்டுட்டீங்கன்னா 'உபுண்டு ரெஸ்ட்ரிக்டட் எக்ஸ்ட்ராஸ்'னு ஒரு பேக்கேஜ் இருக்கு, சினாப்டிக் பேக்கேஜ் மேனேஜரைத் (இல்லன்னா முதல்ல அதை இன்ஸ்டால் பண்ணிக்கங்க) திறந்து அந்தப் பேரைத் தேடி இன்ஸ்டால் குடுங்க. டெர்மினல்ல போடுறவங்க மூணு வார்த்தைக்கும் நடுவுல ஹைஃபன் போடணும், எல்லாம் சின்ன எழுத்து. டெர்மினல்ல போடும்போது நடுவுல மைக்ரோசாஃப்ட் ஃபான்ட் லைசென்ஸ்னு ஒரு பக்கம் ஸ்க்ரீன் முழுக்க வந்து நிக்கும், மவுஸ்ல எங்க கிளிக் பண்ணாலும் ஒண்ணும் ஆகாது, பாக்குறவங்களுக்கு சிஸ்டம் ஹேங் ஆயிடுச்சுன்னு தோணும். பயப்படாதீங்க, டேப் கீயை ஒரு தடவை அழுத்துனா கீழ இருக்குற ஓகே மேல கலர் மாறும், அப்ப என்டர் தட்டுங்க, அடுத்த பக்கத்துல டேப் வச்சு யெஸ் மேல போய் இன்னொரு என்டர், அவ்வளவுதான்.

மின்ட்ல வெல்கம் ஸ்க்ரீன்லயே மல்டிமீடியா கோடெக்ஸ்னு பட்டன் இருக்கு, அழுத்துனா போதும். ஃபெடோரால ஆர்பிஎம் ஃபியூஷன்ங்கற ரிப்போவை, அதாவது பேக்கேஜ் கிடங்கைச் சேர்த்துட்டு, ஏற்கனவே இருக்குற 'எஃப்எஃப்எம்பெக் ஃப்ரீ'ங்கற சில கோடெக் விட்டுப்போன தொகுப்புக்குப் பதிலா முழு எஃப்எஃப்எம்பெக்கை மாத்திப் போடணும். ஓப்பன்சூசேக்கு பேக்மேன் ரிப்போ. எதுவா இருந்தாலும் போட்டு முடிச்சதும் ப்ரவுசரை மூடித் திறங்க.

ஃபயர்பாக்ஸ் பிளகின் லிஸ்ட்ல சிஸ்கோவோட ஓப்பன்ஹெச்264 இருக்கறதைப் பாத்துட்டு, கோடெக் இருக்கே அப்புறம் ஏன் ஓடலன்னு கேக்குறவங்க அதிகம். அது முக்கியமா வீடியோ கால்ல பேசுறதுக்காக வந்தது, சாதாரண வீடியோவுக்கு ஃபயர்பாக்ஸ் சிஸ்டத்துல இருக்குற எஃப்எஃப்எம்பெக்கைத்தான் தேடும். அதே மாதிரி ஃபிளாட்பேக்ல (ஆப்பைத் தனிப் பெட்டியா போடுற முறை) போட்ட ப்ரவுசர் சிஸ்டம் கோடெக்கைத் திரும்பிக்கூடப் பாக்காது, தன் பெட்டிக்குள்ள இருக்குறதை வச்சுத்தான் ஓட்டும்.

படி 3: வைட்வைன்

ஃபயர்பாக்ஸ்ல மெனு, செட்டிங்ஸ், ஜெனரல் போய் கொஞ்சம் கீழ இறங்குனா டிஆர்எம் பத்தி ஒரு டிக் பாக்ஸ் இருக்கும், டிக் பண்ணுங்க. உங்க பர்மிஷன் வாங்கிட்டுதான் ஃபயர்பாக்ஸ் அந்த ஃபைலை கூகுள் சர்வர்ல இருந்து இறக்கும், மூடின சோர்ஸ் சமாச்சாரம் சொல்லாம கொள்ளாம உள்ள வராம இருக்கறது ரொம்ப நல்ல விஷயம்னு எனக்குத் தோணும். அப்புறம் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஏ மூணையும் சேர்த்து அழுத்தி பிளகின்ஸ்ல பாருங்க, வைட்வைன் பேரு வந்திருக்கணும். 'விரைவில் இன்ஸ்டால் ஆகும்'ங்கற மாதிரி நின்னா மேல இருக்குற கியர் ஐகான்ல அப்டேட் செக் பண்ணச் சொல்லுங்க.

குரோம்ல இது கூடவே வருது. பிரேவ்ல அந்த சைட்டுக்குப் போகும்போது வைட்வைன் போடவான்னு கேக்கும், சரின்னு சொன்னா போதும். டிஸ்ட்ரோ குடுக்குற குரோமியம்ல பெரும்பாலும் இருக்காது, ஏன்னா அதைச் சேர்த்துக் குடுக்க கூகுள் லைசென்ஸ் வேணும். குரோமியம்ல ஃபைலைத் தேடிக் காப்பி பண்ணி ஒட்டுற வழி இருக்கு, ஆனா அப்டேட்டை நீங்களே பாத்துக்கணும், அதனால புதுசா வந்தவங்க இந்த ஒரு வேலைக்கு ஃபயர்பாக்ஸே வச்சுக்கங்கன்னுதான் நான் சொல்லுவேன். ஃபயர்பாக்ஸ்ல இருந்து வந்த லிப்ரவுல்ஃப் ப்ரவுசர் யூஸ் பண்றவங்களுக்கு டிஆர்எம் ஆஃப்லதான் இருக்கும், செட்டிங்ஸ்ல நீங்களே ஆன் பண்ணணும்.

படி 4: டெஸ்ட்

பிட்மூவின்ங்கற வீடியோ கம்பெனியோட டிஆர்எம் டெமோ பக்கத்தைத் திறங்க, உங்க ப்ரவுசர்ல எந்த டிஆர்எம் வேலை செய்யுதுன்னு அதுவே காட்டும். அங்க ஓடி உங்க சைட்ல மட்டும் ஓடலன்னா பிளகின் மேல தப்பு இல்ல, ஆட்பிளாக்கர், குக்கீ பக்கம் தேடுங்க.

இன்னும் ஓடலன்னா

டிஆர்எம் டிக்கை எடுத்துட்டு ப்ரவுசரை மூடித் திறந்து திரும்ப டிக் பண்ணுங்க. டிக்கை எடுத்தா பழைய வைட்வைன் அழிஞ்சு போயிடும், திரும்பப் போட்டா புதுசா இறங்கும், பாதி இறங்கிக் கெட்டுப்போன ஃபைல் பிரச்சனை பெரும்பாலும் இதுலயே சரியாயிடும். ஹோம் பார்ட்டிஷனை 'நோஎக்ஸெக்' (அங்க இருக்குற புரோகிராமை ஓட விடாத ஆப்ஷன்) போட்டு மவுன்ட் பண்ணியிருந்தா வைட்வைன் இறங்கும் ஆனா ஓடாது, அந்த ஃபைல் உங்க ஹோம் ஃபோல்டருக்குள்ளதான் உக்காந்திருக்கு. அல்பைன் மாதிரி மஸ்ல்ங்கற சி லைப்ரரி வச்ச டிஸ்ட்ரோல நேரா ஓடாது, மத்த லினக்ஸ்ல பெரும்பாலும் இருக்குற ஜிலிப்சி லைப்ரரிக்காகக் கட்டின ஃபைல் அது, அங்க ஃபிளாட்பேக் ஃபயர்பாக்ஸ் போடுங்க. லினக்ஸ் இல்லாத வேற ஓஎஸ்ஸான ஃப்ரீபிஎஸ்டிக்குன்னு தனி வைட்வைன் கிடையாது, லினக்ஸ் கம்பாட்டிபிலிட்டி லேயர் வழியாத்தான் ஓட்டணும். ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ல வைட்வைனுக்குன்னே தனி பேக்கேஜ் இருக்கு.

எல்லாம் ஓடியும் படம் கொஞ்சம் மங்கலா வந்தா செட்டிங்கைக் குடையாதீங்க. லினக்ஸ் டெஸ்க்டாப்ல வைட்வைன் எல்3 லெவல்லதான் ஓடும், அதாவது பூட்டைத் திறக்குறது முழுக்க சாஃப்ட்வேர்ல, அதனால சில சர்வீஸ் 4கே தராது, ரெசல்யூஷனைக் குறைச்சுதான் அனுப்பும். அது அவங்க சர்வர் பக்கம் எடுக்குற முடிவு, நம்ம கம்ப்யூட்டர்ல எதை மாத்தியும் அது ஏறாது.