டிரை டோர்ட்டுகாஸ் தீவில் கூடாரம் போடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள கீ வெஸ்ட் ஊரிலிருந்து மேற்கே ஏறத்தாழ 113 கிலோமீட்டர் கடல்வழியில் இருக்கிறது டிரை டோர்ட்டுகாஸ் தேசியப் பூங்கா. சில குட்டித் தீவுகள், அவற்றில் ஒன்றில் ஜெஃபர்சன் கோட்டை என்ற பழைய ராணுவக் கோட்டை. கூடாரம் போடுவதும் அந்தத் தீவில்தான். 1513இல் அங்கே வந்த ஸ்பானியக் கடலோடி போன்ஸே டி லியோன், ஆமைகள் நிறைந்திருப்பதைப் பார்த்து ‘டோர்ட்டுகாஸ்’ (ஸ்பானிய மொழியில் ஆமைகள்) என்று பெயர் வைத்தார். குடிக்கத் தண்ணீர் இல்லை என்று மாலுமிகளுக்குச் சொல்ல, ‘டிரை’ பிற்பாடு சேர்ந்தது. பெயரிலேயே எச்சரிக்கை இருந்தும் பலர் கோட்டை விடுவது தண்ணீர் விஷயத்தில்தான்.

இவ்வளவு பெரிய கோட்டை இருக்கிறது, தினமும் படகு வருகிறது, ஒரு குடிநீர்க் குழாயும் சின்னச் சாப்பாட்டுக் கடையும் இல்லாமலா போகும் என்று நினைப்பு. இரண்டும் இல்லை. ஜெஃபர்சன் கோட்டையைக் கட்டிய ராணுவத்துக்கே இதில் அடி விழுந்தது. மழைநீரைச் சேமிக்கத் தரைக்கு அடியில் தொட்டிகள் கட்டினார்கள். சுமார் 1.6 கோடி செங்கற்களின் பாரத்தில் கட்டடம் மணலுக்குள் இறங்க, தொட்டிகளில் விரிசல் விட்டுக் கடல்நீர் புகுந்துவிட்டது. 1846இல் ஆரம்பித்த கோட்டை கடைசிவரை முடியவே இல்லை. ஆகவே ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 4 லிட்டர் கொண்டுபோங்கள். காற்று பலமாக அடித்தால் மறுநாள் படகு வராமலும் போகலாம். அதற்காக இன்னும் ஒரு நாளுக்கான தண்ணீரும் சாப்பாடும் பையில் இருக்கட்டும்.

அடுத்த தவறு டிக்கெட்டில். கூடாரம் போடும் இடங்களில் பெரும்பாலானவை முதலில் வருபவருக்கு முதலில் என்ற கணக்கு. அதைப் படித்துவிட்டு, எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று மெத்தனமாக இருந்துவிடுகிறார்கள். சிக்கல் இடத்தில் இல்லை, படகில். தங்கப் போகிறவர்களுக்கு ஒரு நாளைக்குச் சில இருக்கைகள்தான். அவை பல மாதங்கள் முன்பே தீர்ந்துவிடும். பகல் பயண டிக்கெட்டை வைத்துக்கொண்டு ராத்திரி தங்க முடியாது.

கேஸ் அடுப்பைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். எரிவாயு, திரவ எரிபொருள் எதையும் படகில் ஏற்ற மாட்டார்கள். தீக்குச்சி வைத்ததுமே பற்றிக்கொள்ளும் கரி போதும், கிரில் அங்கேயே இருக்கிறது. சாப்பாட்டைக் கூடாரத்துக்குள் வைத்தால் எலி வரும். கெட்டியான, மூடி இறுகிய பெட்டியில் வையுங்கள். குப்பைத்தொட்டியும் கிடையாது, கொண்டுபோனது எல்லாம் உங்களோடே திரும்பி வர வேண்டும். போன் சிக்னலை மறந்துவிடுங்கள்.

கோட்டையைச் சுற்றியுள்ள அகழியில் நீந்தக் கூடாது. (2017 வரை இந்தத் தீவில் ஒரு முதலை இருந்தது, பிறகு அதைப் பிடித்து ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்துக்குக் கொண்டுபோனார்கள்.) கோட்டையின் மேல்தளத்து ஓரங்களில் கைப்பிடி இல்லை, செங்கலும் அங்கங்கே தளர்ந்திருக்கும். செல்ஃபிக்காக விளிம்பில் நிற்பது வேண்டாம்.

என்னைக் கேட்டால், தங்குகிறவர்கள் செய்யும் ஆகப்பெரிய தவறு, இறங்கியதும் கூட்டத்தோடு கோட்டைக்குள் ஓடுவது. பகல் பயணிகளை ஏற்றிக்கொண்டு படகு பிற்பகல் 3 மணி வாக்கில் கிளம்பிவிடும். அதுவரை தண்ணீரில் மிதந்து பவளப்பாறை பாருங்கள். லிங்கனைச் சுட்டவனுக்குக் காலில் கட்டுப்போட்ட டாக்டர் மட் கைதியாகக் கோட்டைக்குள் அடைபட்டிருந்த அறையைச் சாயங்காலம் போய்ப் பாருங்கள். அப்போது உங்களை அவசரப்படுத்த அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.